பழைய ஸ்பீக்கரில் வூஃபர் ஃபோம் மாற்றி, சில வருடங்கள் கேட்ட பிறகு

"வூஃபர் போச்சு" என்று சொல்லி விலை குறைத்து விற்கிற பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றில், தாழ்ந்த ஒலியை (பேஸ்) தரும் அந்த வூஃபரில் உண்மையில் போயிருப்பது, முன்னும் பின்னும் அசையும் கூம்பான கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் மட்டும்தான். சென்னையில் நான் செகண்ட் ஹேண்டாக வாங்கிய எண்பதுகளின் 10 அங்குல ஜோடியும் அப்படித்தான். முன்பக்க மூடியான கிரில்லைக் கழற்றி விரலை வைத்ததும் ஃபோம் கருப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டு வந்தது. பாலியூரிதேன் ஃபோம் காற்றின் ஈரத்தாலேயே சிதையும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம்.

வாங்கும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் வூஃபர் 6 ஓம் சுற்றிக் காட்டினால் வாய்ஸ் காயில் (கோனின் பின்னால் ஒட்டியிருக்கும் கம்பிச் சுருள்) அறுபடவில்லை. அப்புறம் கோனைச் சுற்றிலும் விரல்களை வைத்துச் சமமாக அழுத்துங்கள். உரசல் கேட்கவில்லை என்றால் தைரியமாக வாங்கலாம்.

விசாரித்த கடையில் கோனையே மாற்றிவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. மூடிய பெட்டி ஸ்பீக்கரில் உள்ளே அடைபட்ட காற்றுதான் ஸ்பிரிங். 1954-இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில் கொண்டுவந்த வழி அது. காற்று அந்த வேலையைச் செய்ய வேண்டுமென்றால் கோனைத் தாங்கிப் பிடிக்கும் சஸ்பென்ஷன் நன்றாக இளகி இருக்க வேண்டும். கையில் கிடைத்த கனமான கோனையும் முரட்டு ஸ்பைடரையும் (கோனைப் பின்னாலிருந்து தாங்கும் மடிப்புத் துணி) போட்டால் பெட்டி மட்டும்தான் பழையதாக இருக்கும், பேஸ் வேறாகிவிடும்.

புது ஃபோம் வாங்கும்போது "10 இன்ச்" என்று கேட்டால் போதாது. கோனின் விட்டம், சட்டத்தின் உள்விட்டம், வளைவின் அகலம் மூன்றையும் அளந்து வாங்குங்கள். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொட்டுச் சுரண்ட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் கோனின் ஓரம் கிழிந்துவிட்டால் எல்லாம் வீண்.

உயிர்நாடியான இடம் காயிலை நடுவில் நிறுத்துவது. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. முதலில் ஃபோமைக் கோனில் ஒட்டிக் காயவிட்டேன். அடுத்து சட்டத்தில் மெதுவாகக் காயும் வெள்ளைப் பசையைத் தடவி, ஆம்பிளிஃபையரிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த அளவில் கொடுத்தேன். கோன் அசைய அசைய, காதைப் பக்கத்தில் வைத்து ஃபோமை இம்மி இம்மியாக நகர்த்த வேண்டும். 'சர்ர்' என்ற உரசல் முழுக்க மறையும் இடம் ஒன்று வரும். அங்கேயே அழுத்திப் பிடித்து கிளிப் போட்டுவிடுங்கள். கோனின் நடுவில் மூடியிருக்கும் டஸ்ட் கேப்பை அறுத்து, காயிலைச் சுற்றி ஷிம் (மெல்லிய தகடு) வைப்பது இன்னும் துல்லியம் என்பார்கள். நல்ல கேப்பை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

திரும்ப மாட்டும்போது வூஃபரைத் தலைகீழாகத் திருப்பினேன். வருடக்கணக்கில் ஒரே பக்கம் தொங்கிய ஸ்பைடருக்கு அது நல்லது. பெட்டியின் ஓர சீலையும் புதுப்பித்தேன். கோனை அழுத்தி விட்டால் சட்டென்று துள்ளாமல் மெல்ல வெளியே வந்தது, காற்று கசியவில்லை.

சில வருடங்கள் ஆகின்றன. மிருதங்கத்தின் தொப்பி இன்றும் கும்மென்று, வீங்காமல் கேட்கிறது. ஃபோமில் விரிசல் இல்லை. வெயில் படாத சுவரோரம் வைத்திருக்கிறேன், கிரில்லைக் கழற்றுவதில்லை.

ரப்பர் போட்டால் ஆயுள் கூடுமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூடும். ஆனால் ரப்பர் கனம், பேஸின் குணம் மாறும். ஃபோமில் வந்த ஸ்பீக்கருக்கு ஃபோம்தான் போடுவேன்; மறுபடி உதிர்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.