கிண்ணம் காய ஆறு மாதம் காத்திருக்கலாம்: கொட்டகலைப் பக்கத்துக் கடைசல் பட்டறை

போன ஜூன் காற்றில் வீட்டுக்குப் பின்னால் நின்ற சவுக்கு மரம் சாய்ந்துவிட்டது. கிரெவிலியாவைத்தான் சொல்கிறேன், தேயிலைக்கு நிழலுக்கு வைப்பார்களே, இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் அதுதான் சவுக்கு. அப்பா நட்ட மரம், விறகாக்க மனசு வரவில்லை. அடிமரத்தில் மூன்று துண்டை எடுத்துக்கொண்டு, கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் வார்னிஷ் அடித்துப் பளபளவென்று ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். அடுப்புக்கு மேலே பலகையில் வைத்த நாலாம் நாள் ராத்திரி டப்பென்று சத்தம், விளிம்பிலிருந்து அடிவரை பிளந்துவிட்டது. பிளவுக்குள் விரலை வைத்தால் மரம் இன்னும் ஈரம். அதனால் இங்கே நான் முதலில் கேட்டதே எப்படிக் காயவைப்பீர்கள் என்றுதான். பாஸ், அதாவது பட்டறைக் கைவினைஞர், ஒன்றும் சொல்லாமல் பின்னறையைத் திறந்து காட்டினார்.

சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்கக் கிண்ணம் சுற்றிய காகிதப் பொட்டலம். தேயிலைச் சாக்கின் உள்தாளை உரித்துவிட்டு, வெறும் காகிதத்தை வெட்டிச் செய்தவை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி, எடை, கீழே மறுபடி தேதி, எடை. ஒரு பொட்டலத்தில் பதினொரு வரி எண்ணினேன்.

கிண்ணத்தை அவர் ஒரே நாளில் முடிப்பதில்லை. பத்து அங்குல அகலம் என்றால் சுவரை ஓர் அங்குலத் தடிப்பில் விட்டுக் கடைகிறார், அதாவது அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. காயும்போது மரம் நாரின் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும், அதனால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். அதைத் திரும்ப லேத்தில் ஏற்றி வட்டமாக்க அந்தத் தடிப்பு வேண்டும். மரத்தின் நடுப்புள்ளி கிண்ணத்துக்குள் வரவே விடமாட்டார், வெடிப்பு அங்கேதான் தொடங்குமாம். அப்புறம் நார் குறுக்கே வெட்டுப்பட்ட இரண்டு பக்கத்திலும் உருக்கிய மெழுகைப் பூசுகிறார், தண்ணீர் வேகமாக ஓடிப்போவது அந்த வழியாகத்தான். மெழுகு டப்பாவைக் கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்துத்தான் உருக்குகிறார், நேராக நெருப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும்.

“எத்தனை நாளாகும் பாஸ்?” என்றேன். “நாள் கணக்கு இந்த மழைக்குச் சரிவராது தம்பி, தராசு நின்னாத்தான் காய்ஞ்சதுன்னு அர்த்தம்” என்றார். என் பெரிய கிண்ணம் கடைந்த அன்று 1,940 கிராம். மாதத்துக்கு ஒருமுறை போய் நானும் கூட நின்று நிறுத்தேன். முதல் மாதம் மளமளவென்று இறங்கியது, ஆனாலும் வடிவம் அப்படியே இருந்தது. மரத்தின் ஈரம் ஏறக்குறைய முப்பது வீதத்துக்குக் கீழே போன பிறகுதான் சுருக்கமே தொடங்கும் என்று அவர் சொன்னதை அப்போது கண்ணால் பார்த்தேன். நவம்பர் கடைசியில் 1,130, இரண்டு வாரம் கழித்தும் அதே 1,130. நீளத்துக்கும் குறுக்குக்கும் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் விழுந்திருந்தது. மூன்று கிண்ணத்தில் ஒன்றிலும் வெடிப்பு இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஜூலை மழையில் பொட்டலத்துக்குள் பூஞ்சணம் பிடித்து, சின்னக் கிண்ணத்தின் அடியில் சாம்பல் நிறக் கறை நின்றுவிட்டது. ஈர மரத்தூளோடு சேர்த்துக் கட்டியதுதான் காரணம் என்று அவரே ஒத்துக்கொண்டு, மற்ற இரண்டிலும் தூளைக் கொட்டிவிட்டுப் புதுக் காகிதம் மாற்றினார். மேல்பலகைக்குக் காற்று நன்றாக வருகிறது, கீழ்ப்பலகைக்கு வரவில்லை, அந்த அறைக்கு இன்னொரு ஜன்னல் கட்டாயம் வேண்டும். தொலைபேசியை எடுப்பது அபூர்வம், நேரில்தான் போகவேண்டும்.

கூலி ஒரு கிண்ணத்துக்கு 4,500 ரூபாய், காயவைப்பதும் இரண்டாம் கடைசலும் அதற்குள்ளேயே. ஆறு மாதம் ஒரு சாமானைப் பார்த்துக்கொள்வதற்கு இது குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. சவுக்கின் வலைப்பின்னல் ரேகை எண்ணெய் பட்டதும் எழும்பி வந்ததைப் பார்த்து அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

போகிறவர்கள் மரம் விழுந்த அன்றே துண்டின் இரு முனையிலும் மெழுகோ பழைய பெயின்டோ பூசி எடுத்துப் போங்கள். நான் ஒரு வாரம் வெயிலில் போட்டுவைத்ததில், வெடித்த முனையென்று இரண்டு அங்குலத்தை வெட்டி எறியவேண்டி வந்தது.