எஸ்.டி.கியூ வினாத்தாள்: இரண்டாம் முறை நிரப்பினால்தான் பயன்

குழந்தைகள் நலச் சேவைகளின் அறிக்கைகளைப் புரட்டினால் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை அமர்வுகள் நடந்தன என்ற கணக்கு இருக்கும். வந்த பிள்ளைக்கு என்ன மாறியது என்பது மட்டும் இருக்காது. அதை அதிகச் செலவில்லாமல் கேட்டறிய எஸ்.டி.கியூ (SDQ, பிள்ளைகளின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் வினாத்தாள்) நல்ல கருவி.

ராபர்ட் குட்மேன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்டது. மொத்தம் 25 வாக்கியங்கள். மனவேதனை, நடத்தை, துறுதுறுப்பும் கவனமின்மையும், சகவயதினருடன் சிக்கல், பிறருக்கு உதவும் குணம் என்று பிரிவுக்கு ஐந்து. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனித் தாள். 11 வயதிலிருந்து பிள்ளையே நிரப்பலாம். தமிழிலும் கிடைக்கிறது. லாப நோக்கமில்லாத அமைப்புகள் காகிதத் தாளை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதையே செயலியாக மாற்ற உரிமம் வாங்க வேண்டும்.

மதிப்பெண் போடுவதில்தான் தவறு அதிகம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 0, 1, 2. ஆனால் 7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்தும் நல்ல குணத்தைச் சொல்பவை. அவற்றைத் தலைகீழாக எண்ண வேண்டும். உதவும் குணத்தை மொத்தத்தில் சேர்க்கக் கூடாது. மற்ற நான்கையும் கூட்டினால் 0 முதல் 40 வரை வரும்; எண் கூடினால் சிக்கலும் அதிகம். பின்பக்கத்தில் உள்ள பாதிப்புக் கேள்விகளைப் பல இடங்களில் அச்சிடுவதே இல்லை. பெரிய இழப்பு அது. வீடு, நட்பு, படிப்பு, விளையாட்டு எந்த அளவு கெட்டிருக்கிறது என்று பிள்ளையின் அன்றாடத்தைத் தொடுபவை அந்தக் கேள்விகள்தான்.

இரண்டாம் முறைக்கென்று தொடர் தாள் தனியாக உண்டு. முதல் தாள் கடந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்கும். இது கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும். சேவைக்கு வந்த பிறகு சிக்கல் கூடியதா, குறைந்ததா என்றும் கேட்கும். முதல் தாளையே மறுபடி நீட்டினால், உதவி தொடங்குவதற்கு முந்தைய மாதங்களும் பதிலில் கலந்துவிடும்.

மதிப்பெண் குறைந்தவுடன் சேவையால்தான் என்று எழுதிவிடக் கூடாது. நிலைமை மிக மோசமாக இருக்கும்போதுதான் குடும்பங்கள் உதவி தேடி வருகின்றன. பிறகு தானாகவே கொஞ்சம் தணியும். அதைக் கழிக்க, பெற்றோர் தாளுக்கென்று ஒரு சூத்திரம் இருக்கிறது: 2.3 + 0.8 × முதல் மொத்தம் + 0.2 × முதல் பாதிப்பு − 0.3 × முதல் மனவேதனை − இரண்டாம் மொத்தம். முதலில் மொத்தம் 20, பாதிப்பு 4, மனவேதனை 6, பிறகு மொத்தம் 15 என்று வையுங்கள். ஐந்து குறைந்ததாகத் தெரியும். சேவையின் பங்கு என்று சூத்திரம் தருவது 2.3தான். பிரிட்டிஷ் பிள்ளைகளின் தரவில் பிறந்த சூத்திரம் என்பதால் வேறு நாடுகளில் ஒரு துணைக் குறிப்பாக மட்டும் கொள்ளலாம். ஒரே ஒரு பிள்ளையை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் இது உதவாது. பல பிள்ளைகளின் சராசரியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: பாதியில் நின்றுபோன பிள்ளைகளின் இரண்டாம் தாள் கைக்கு வராது. வந்த தாள்களின் சராசரிக்குப் பக்கத்திலேயே, வராதவை எத்தனை என்றும் எழுதுங்கள்.