டிஎஸ் லைட்டில் என் நாட்குறிப்பு: ஆறு வருட அனுபவம்

2009-இல் நின்டெண்டோ டிஎஸ் லைட் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். விளையாடத்தான் வாங்கினேன். ஆனால் அடுத்த ஆறு வருடத்தில் அதில் விளையாடியதைவிட எழுதியதுதான் அதிகம்.

காரணம், டிஎஸ்ஆர்கனைஸ் என்ற இலவச மென்பொருள். ஆர்வலர் ஒருவர் உருவாக்கி எல்லோருக்கும் கொடுத்தது. நாட்காட்டி, வேலைப் பட்டியல், முகவரிப் புத்தகம், கிறுக்கல் பலகை, பாட்டுக் கேட்கும் வசதி, இணைய உலாவிகூட உண்டு. வெறும் 4 எம்பி நினைவகமும் 67 மெகாஹெர்ட்ஸ் செயலியும் உள்ள கருவியில் இத்தனையையும் ஓட வைத்தது பெரிய விஷயம்.

இதற்கு ஃபிளாஷ் கார்டு வேண்டும். பார்க்க கேம் கார்டு மாதிரியே இருக்கும், உள்ளே மைக்ரோ எஸ்டி செருகலாம். முதல் நாள் மாலை முழுக்கத் தடுமாறினேன். நிரல் திறந்தது, எழுதியது எதுவும் சேமிக்கப்படவில்லை. ஒவ்வொரு வகை கார்டும் எஸ்டியை வேறு வேறு விதமாகப் படிக்கும். எஸ்டியை எப்படிப் படிப்பது என்று நிரலுக்குச் சொல்லும் சிறு கோப்புக்கு டிஎல்டிஐ என்று பெயர். நம் கார்டுக்குரிய அந்தக் கோப்பைக் கணினியில் வைத்து நிரலோடு இணைத்த பிறகுதான் சரியானது.

நான் மனம் விட்டுப் பயன்படுத்தியது கிறுக்கல் பலகையைத்தான். அதில் தமிழில் தட்டச்சு செய்ய வழியில்லை, கையால் எழுதத் தடையும் இல்லை. அழுத்தத்தை உணரும் தொடுதிரை என்பதால் எழுதும் குச்சியின் முனை பட்ட இடத்திலேயே கோடு விழும். திரை 256-க்கு 192 புள்ளிகள்தான். சின்னதாக எழுதினால் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பெரிதாக, பக்கத்துக்கு ஐந்து வரி என்று பழகிக்கொண்டேன். அம்மா அடுக்களையில் டப்பாக்களைத் திறந்து பார்த்து "உளுந்து ஒரு கிலோ, பெருங்காயம் சின்ன டப்பா" என்று சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடையில் வாங்கியதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். மடித்தால் திரை உள்ளே போய்விடும், அதனால் சாவிக்கொத்தோடு பையில் போட்டாலும் கீறல் விழாது.

நாட்காட்டியில் கட்டணத் தேதிகளைக் குறித்து வைத்தேன். ஆனால் கருவி அணைந்திருந்தால் எதுவும் நினைவூட்டாது, நாமே திறந்து பார்க்க வேண்டும். காலையில் காபி ஆறும் நேரத்தில் அன்றைய பக்கத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நடுவில் எந்தச் செய்தியும் வந்து கூப்பிடாது. அந்த அமைதிக்காகவே, ஸ்மார்ட்போன் வந்த பிறகும் இதை விடவில்லை. முகவரிப் புத்தகத்தை இருபது பெயரோடு நிறுத்திவிட்டேன். இணையமும் சில மாதம்தான், டிஎஸ் லைட் வெப் (WEP) என்ற பழைய, பலவீனமான வைஃபை பாதுகாப்பை மட்டுமே ஏற்கும், அதற்காக வீட்டு வைஃபையைப் பலவீனமாக்க எனக்கு மனமில்லை.

ஒரு இழப்பைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாம் வருடம் மைக்ரோ எஸ்டி திடீரென்று செத்துப்போனது. ஐந்து மாதக் குறிப்புகள் போய்விட்டன. அதில் பாட்டி சொல்லி எழுதிய பிரசவ லேகியத்தின் அளவுகளும் இருந்தன. அப்புறம் ஞாயிறுதோறும் எல்லாக் கோப்புகளையும் கணினிக்கு நகலெடுத்தேன், ஐந்து நிமிட வேலைதான்.

இப்போது யாராவது முயன்றால், பழைய கருவியை வாங்கும் முன் அதிலேயே இருக்கும் பிக்டோசாட் என்ற, எழுதியும் வரைந்தும் செய்தி அனுப்பும் நிரலைத் திறந்து, எழுதும் பகுதியின் ஓரங்களில் குச்சியால் கோடு போட்டுப் பாருங்கள். கோடு விலகினால் முதலில் தொடுதிரையை அளவு திருத்துங்கள். அதற்குப் பிறகும் விலகினால் அந்தக் கருவி வேண்டாம்.