கேஸா, குண்டா, நாசிலா? வடசென்னை வெயிலில் சிக்கும் ஏர்சாஃப்ட் பிஸ்டலுக்கு எதை மாற்றலாம்

பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கிகளில், கேஸ் அழுத்தத்தால் ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) பின்னே போய் வருகிற கேஸ் ப்ளோபேக் பிஸ்டல் ஒரு வகை. அதில் குண்டு ஏறாமல் சிக்கினால் நெட்டில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வலுவான கேஸ் போடு, எண்ணெய் விடு, மட்கும் குண்டு வாங்கு. குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது சரி. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ கத்திரி வெயிலில் அதை அப்படியே செய்தால் ஜாம் கூடத்தான் செய்யும். நம் வெயில் வேறு, நம் காற்றில் இருக்கிற உப்பும் சாம்பலும் வேறு.

எதையும் வாங்குவதற்கு முன்னால் சிக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். கண்ணாடி மாட்டிக்கொண்டு, குண்டும் கேஸும் இருக்கிற மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை இழுத்து, சுடுவதற்கு முன் குண்டு நிற்கிற சேம்பரில் குண்டு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் குண்டே போடாமல் கேஸ் மட்டும் நிரப்பி ஒரு முறை சுடுங்கள். ஸ்லைடு முழுசாகப் பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டால் கேஸ் மேல் குற்றமில்லை. மேகசின், நாசில் (மேகசினிலிருந்து குண்டைச் சேம்பருக்குள் தள்ளும் குழாய்), குண்டு இவற்றில் ஒன்றுதான் காரணம். பாதி வழியில் நின்றால் அழுத்தம், சீல், உராய்வு என்று தேட வேண்டும்.

கேஸ் விஷயத்தில்தான் நம் ஊருக்கும் மற்ற ஊர்களுக்கும் பெரிய வித்தியாசம். கிரீன் கேஸ் என்பது அடிப்படையில் புரொப்பேன், கூடவே கொஞ்சம் சிலிக்கோன் ஆயில். 20 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 107 பிஎஸ்ஐ. 134ஏ என்கிற கேஸ், பழகிய பெயரில் சொன்னால் கார் ஏசி கேஸ், அதே வெப்பத்தில் 70-ஐக்கூட எட்டாது. அதனால்தான் குளிர்நாடுகளில் அதை மெலிந்த கேஸ் என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் 35 டிகிரியில் 134ஏ சுமார் 114-க்கு வந்துவிடும், கிரீன் கேஸ் 160-ஐத் தாண்டிவிடும். அதாவது அவர்கள் ஊரில் கிரீன் கேஸ் செய்கிற வேலையை நம் மதிய வெயிலில் 134ஏ-வே செய்துவிடுகிறது.

160-ல் என்ன கெடுகிறது? ஸ்லைடு மிக வேகமாகத் திரும்புகிறது. மேகசின் ஸ்பிரிங் அடுத்த குண்டைத் தூக்கி நிறுத்துவதற்குள் நாசில் வந்துவிடுகிறது. ஒன்று வெறுமனே கடந்துபோகும், இல்லையென்றால் பாதி எழும்பிய குண்டைக் கடித்துக்கொண்டு நிற்கும். மேகசின் இன்னும் சூடானால், சுத்தியல் அடித்தாலும் வால்வு திறக்காமல் போகும். ஜப்பானின் டோக்கியோ மாருயி கம்பெனி பிஸ்டல் மாதிரி பிளாஸ்டிக் ஸ்லைடு உள்ளவை 134ஏ-வுக்காகவே செய்யப்பட்டவை. அதில் மே மாதம் கிரீன் கேஸ் போடுவது ஸ்லைடை உடைக்கிற வழி. மெட்டல் ஸ்லைடு உள்ள தைவான் பிஸ்டல்களுக்குக் கிரீன் கேஸ் பொருந்தும். அதையும் மார்கழி, தை மாதக் காலை வேளைக்கு வைத்துக்கொள்வதே என் யோசனை.

134ஏ-வில் குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலும் சிலிக்கோன் ஆயில் கலந்திருக்காது, அதனால் வால்வில் அவ்வப்போது ஒரு சொட்டு சிலிக்கோன் ஆயில் நாமே விட வேண்டும். சாயமோ சீலன்ட்டோ கலந்த ஏசி கேன் வேண்டவே வேண்டாம். பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு வல்லது என்பதால், மேகசினை வீணாக ஊதிக் காலி செய்யக் கூடாது. சமையல் கேஸைப் பிடித்து நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நெருக்கமான வீடுகள், பக்கத்திலேயே அடுப்பு, விளைவு தெரிந்ததுதான்.

சின்னக் குப்பியில் வருகிற சிஓ2-வை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, நான் ஒதுக்குகிறேன். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாக இருப்பதே இல்லை; குப்பியை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்து அழுத்தம் எகிறும்.

அடுத்தது குண்டு. 6 மி.மீ. என்று சொன்னாலும் நல்ல குண்டு 5.95 மி.மீ.தான் இருக்கும். மலிவான குண்டில் வார்ப்புத் தையல் தெரியும், உருட்டிப் பார்த்தால் தள்ளாடும். மட்கும் குண்டுகள் பெரும்பாலும் பிஎல்ஏ என்கிற தாவர மூலப் பிளாஸ்டிக், ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் உப்பி, மேகசின் உதட்டிலும் (குண்டு வெளிவரும் வாய்) ஹாப்-அப் ரப்பரிலும் (குண்டுக்குச் சுழற்சி கொடுக்கும் ரப்பர்) மாட்டும். 6.01 மி.மீ. உள்விட்டம் மாதிரி இறுக்கமான குழல் போட்டவர்களுக்கு இது இன்னும் மோசம். எனவே வீட்டுக்குள் அட்டைப்பெட்டி வைத்துச் சுட்டுப் பெருக்கி எடுப்பவர்களுக்குச் சாதாரண பிளாஸ்டிக் 0.25 கிராம் குண்டே மேல். வெளியில் ஆடுபவர்கள் மட்கும் குண்டைத்தான் எடுக்க வேண்டும். அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். எதுவானாலும் தரையில் விழுந்ததைத் திரும்பப் போடாதீர்கள்.

எண்ணெய் நிறைய விடுவதா, துடைத்துக் காயவைப்பதா என்ற கேள்வியில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து அனல் மின் நிலையச் சாம்பல் மாடியில் காயும் துணியில் படிவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே சாம்பல் எண்ணெய் ஊறிய மேகசின் தடத்தில் விழுந்தால் களிம்பாகி, உப்புத்தாள் போலத் தேய்க்கும். குண்டு மெதுவாக ஏறும், நாசில் தயங்கும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்துக்கும் வால்வுக்கும் மட்டும் சிலிக்கோன் ஆயில், ஸ்லைடு தண்டவாளத்துக்கு மெல்லிய சிலிக்கோன் கிரீஸ். குண்டு போகிற தடமும் ஹாப்-அப் ரப்பரும் உலர்ந்தே இருக்கட்டும். பூட்டுக்கு அடிக்கிற பெட்ரோலிய ஸ்ப்ரே ரப்பரை உப்ப வைக்கும், அதைக் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கினால்தான் பாகம் வாங்க வேண்டும். மேகசினில் மேல் குண்டை விரலால் அழுத்தி விடுங்கள், உடனே எழ வேண்டும். எழவில்லை என்றால் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். காசிமேட்டு உப்புக் காற்றுக்கு அது சகஜம். உதட்டில் விரிசல் இருந்தால் உதட்டை மட்டும் மாற்றினால் போதும். நாசிலைச் சோதிக்க, ஸ்லைடைக் கழற்றி நாசிலை முன்னால் இழுத்து விடுங்கள். சட்டென்று திரும்பாவிட்டால் உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இரண்டும் சந்தேகமாக இருந்தால் இன்னொரு மேகசினை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் நாசிலைத் தொடவே தேவையில்லை. அதிலும் சிக்கினால் ஹாப்-அப்பை முழுசாகத் தளர்த்தி ஒரு முறை சுட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு நாசிலுக்குப் பணம் செலவழியுங்கள். இரவல் மேகசினை வாங்கப் போகும்போது பிஸ்டலைப் பைக்குள் வைத்தே எடுத்துப் போங்கள். தெருவில் பார்ப்பவருக்கு அது நிஜத் துப்பாக்கிதான்.