27 அங்குல 5கே-யா, 32 அங்குல 4கே-யா?

வீட்டுக் கணினிக்குப் பெரிய மானிட்டர் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறார்கள்.

5கே திரையில் 5120-க்கு 2880 பிக்சல்கள், அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 218. 32 அங்குல 4கே திரையில் 3840-க்கு 2160, அங்குலத்துக்கு 138 அளவில். ‘ஞ’, ‘ணை’ போன்ற சுழி மிகுந்த எழுத்துகளைச் சிறிய அளவில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும்: முன்னதில் சுழிகள் அச்சிட்டதுபோல் நிற்க, பின்னதில் அருகே சென்றால் ஓரங்கள் சற்றே கலங்கும். 5கே திரையில் எழுத்து, படங்களின் காட்சி அளவை (ஸ்கேலிங்) 200 விழுக்காடாக வைத்தால் ஒரு புள்ளி சரியாக நான்கு பிக்சல்களாகிறது. 4கே திரையில் 150 விழுக்காடு போன்ற பின்ன அளவை நாட வேண்டியிருப்பதால், குறிப்பாக மேக் கணினிகளில், மெல்லிய கோடுகள் கொஞ்சம் மங்கலாம்.

ஆனால் படம் பார்ப்பதற்கும், அகன்ற அட்டவணைகளை விரித்து வைப்பதற்கும், சற்றுத் தள்ளி உட்காருவதற்கும் 32 அங்குலமே வசதி. விலையும் பொதுவாகக் குறைவு. விளையாட்டுகளில் 83 லட்சம் பிக்சல்களை வரைவது 147 லட்சத்தை வரைவதைவிட கிராபிக்ஸ் கார்டுக்கு எளிது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாள் முழுவதும் எழுத்தோடு உழல்பவருக்கு நான் 5கே-யையே சொல்வேன். ஆனால் வாங்குமுன் கணினியின் இணைப்பைப் பார்த்துவிட வேண்டும்: எச்டிஎம்ஐ 2.0, 4கே-யை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும் வேகத்தில்) தாங்கும். 5கே-யை அதே வேகத்தில் முழு நிறத்தோடு தாங்காது, அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4, தண்டர்போல்ட் 3 போன்ற இணைப்பு வேண்டும்.