அல்சூர் காலப்பயண வகுப்பு: கிராஃப் தாள் அபாரம், கேரம் பலகை பாதிக் கிணறு

பெங்களூரு அல்சூரில், ஏரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் தமிழில் இயற்பியல் வகுப்பு நடக்கிறது. அதில் காலப்பயணத்துக்கென்று மூன்று மணி நேர வகுப்பு ஒன்று உண்டு. மேசைக்கு நான்கு பேர். பேச்சைவிட விவாதம்தான் அதிகம் என்பதால் தனியாகப் போவதைவிட வாதாடத் தயங்காத நண்பர்களோடு போவது நல்லது. முதல் பாதி காசுக்கு மேலேயே தருகிறது. இரண்டாம் பாதியில் ஒரு பெரிய விஷயத்தை வாசல் வரை கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள்.

எதிர்காலத்துக்குப் போவது, அதாவது ஒருவரின் கடிகாரம் மற்றவருடையதைவிட மெதுவாக ஓடுவது, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பதில் தொடங்குகிறார்கள். 1971இல் ஹாஃபல், கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். தரையில் இருந்த கடிகாரத்தைவிடக் கிழக்கே போன கடிகாரம் 59 நானோ செகண்ட் பிந்தியது. மேற்கே போனது 273 நானோ செகண்ட் முந்தியது. அடுத்த கணக்கு உள்ளூர்க்காரர்களுக்கானது: உயரம் கூடினால் கடிகாரம் வேகமாக ஓடும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஒரு நாளின் 86,400 செகண்டால் பெருக்கினால், சென்னைக் கடிகாரத்தைவிட இங்குள்ள கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 8.7 நானோ செகண்ட், வருடத்துக்கு ஏறக்குறைய 3 மைக்ரோ செகண்ட் வேகமாக ஓடுகிறது என்று வரும். பத்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல் போதும், பையன்கள் போனிலேயே போட்டுவிடுகிறார்கள்.

ஜிபிஎஸ் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு திருத்தம் வேண்டும். செயற்கைக்கோள் கடிகாரம் உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோ செகண்ட் முந்தும், வேகத்தால் 7 பிந்தும், மிச்சம் 38. இது சரி. "திருத்தாவிட்டால் ஒரே நாளில் மேப் 11 கிலோமீட்டர் தள்ளிக் காட்டும்" என்று வகுப்பில் சொல்வது சரியில்லை. 11 கிலோமீட்டர் என்பது 38 மைக்ரோ செகண்டில் ஒளி போகும் தூரம், அதாவது ஒரு செயற்கைக்கோளுக்கான தூரக் கணக்கில் வரும் பிழை. போனில் உள்ள ரிசீவர் தன் இடத்தின் மூன்று எண்களோடு தன் கடிகாரப் பிழையையும் நான்காவதாகக் கண்டுபிடிக்கிறது. அதனால்தான் நான்கு செயற்கைக்கோள் தேவை. எல்லாக் கடிகாரமும் ஒரே அளவில் முந்தினால் பிழையின் பெரும்பகுதி அந்த நான்காவது எண்ணுக்குள் போய்விடும். இஸ்ரோ இருக்கும் ஊரில், ஜிபிஎஸ் போன்ற நம் நாட்டு அமைப்பான நாவிக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாததும் குறைதான். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் செயற்கைக்கோள்களுக்கு இதே கணக்கு நாளுக்கு 46 மைக்ரோ செகண்டைத் தொடும். 2023இல் ஏவிய நாவிக் செயற்கைக்கோள் என்விஎஸ்-01இல் நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் போயிருக்கிறது.

வகுப்பின் உயிர் கிராஃப் தாளில் இருக்கிறது. கிடை அச்சு ஒளியாண்டு, செங்குத்து அச்சு ஆண்டு, இரண்டிலும் ஒரு பெரிய கட்டம் ஒன்று. இரட்டையரில் அக்கா வீட்டிலேயே இருக்கிறாள்: நேர் செங்குத்துக் கோடு, 0 முதல் 10 வரை. தங்கை ஒளிவேகத்தில் 80 சதவீத வேகத்தோடு 4 ஒளியாண்டு போய்த் திரும்புகிறாள்: 5ஆம் ஆண்டில் (4, 5) என்ற புள்ளியில் முறிந்து 10இல் வீடு வந்து சேரும் கோடு. ஒவ்வொரு பாதிக்கும் 5இன் வர்க்கத்தில் 4இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் 3. ஆக, அக்காவுக்குப் பத்து வயது கூடினால் தங்கைக்கு ஆறுதான் கூடுகிறது.

"தங்கையின் பார்வையில் அக்காதானே நகர்ந்தாள்?" என்ற கேள்வி எந்த மேசையிலும் வந்தே தீரும். பல இடங்களில் "முடுக்கம் இருக்கிறதல்லவா" என்று சொல்லி நழுவிவிடுவார்கள். இங்கே அப்படி விடுவதில்லை. திரும்பும் புள்ளியிலிருந்து தங்கைக்கு "இந்தக் கணம்" எது என்று காட்டும் சாய்கோட்டை 0.8 சரிவில் போடச் சொல்கிறார்கள். போகும்போதைய கோடு அக்காவின் அச்சை 1.8இல் வெட்டுகிறது, திரும்பியதும் போடும் கோடு 8.2இல் வெட்டுகிறது. நடுவில் விடுபட்ட 6.4 ஆண்டுகள் தாளில் கண்ணெதிரே கிடக்கின்றன. அதற்கு மேல் அந்தக் கேள்வி எழுவதில்லை.

அதே தாளை எடுத்துவைக்காமல் அப்படியே வார்ம்ஹோலுக்கு, அதாவது தொலைவிலுள்ள இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழிக்கு, போகிறார்கள். மிக நல்ல யோசனை. 1988இல் மோரிஸ், தோர்ன், யுர்ட்சேவர் மூவரும் காட்டிய வழி இது: வார்ம்ஹோலின் ஒரு வாய் அக்காவிடம், இன்னொரு வாய் தங்கையின் கப்பலில். வெளியே எவ்வளவு விலகினாலும் உள்வழியாகப் பார்த்தால் இரண்டு வாயின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டும். தங்கை திரும்பி வந்ததும் அவளோடு வந்த வாய்க்குள் நுழைந்தால், வீட்டுவாயின் கடிகாரம் 6 காட்டும் கணத்தில் வெளியே வரலாம். 10இலிருந்து 6க்கு; நான்கு ஆண்டு பின்னால்.

எவ்வளவு பின்னால் போகலாம் என்பதற்கும் தாளே பதில் சொல்கிறது. வீட்டில் 4ஆம் ஆண்டில் கிளம்பும் ஒளிக்கதிரை 45 பாகையில் வரைந்தால், அது திரும்பி வரும் கப்பலை 2.67 ஒளியாண்டு தொலைவில் சந்திக்கிறது. அப்போது தங்கையின் கடிகாரத்திலும் சரியாக 4. கதிர் உள்ளே புகுந்தால் அது கிளம்பிய அதே கணத்தில் வீட்டில் வெளிவரும். அதற்கு முந்தைய எந்தக் கணத்துக்கும் இந்த இயந்திரத்தால் யாரும் போக முடியாது. "எதிர்காலத்திலிருந்து ஏன் யாரும் வந்து நிற்கவில்லை?" என்று கேட்பவருக்கு, இந்த வகை இயந்திரத்தைப் பொறுத்தவரை இந்த ஒரு புள்ளி போதும். 1992இல் ஹாக்கிங் காலவரிசைப் பாதுகாப்பு என்ற ஊகத்தை வைத்ததும் இந்த எல்லையை நோக்கித்தான். வெற்றிடத்தின் அலைவுகள் இதே வளையத்தில் சுற்றிச் சுற்றித் தங்கள் மேலேயே குவிந்து, இயந்திரம் இயங்கத் தொடங்கும் முன்பே அதை அழித்துவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

வார்ம்ஹோல் மூடாமல் திறந்து நிற்க எதிர்மறை ஆற்றல் வேண்டும் என்பதைப் பத்து நிமிடத்தில் முடிக்கிறார்கள். ஒரு வாயில் குவிந்து நுழையும் ஒளி மறுவாயில் விரிந்து வெளிவர வேண்டும். சாதாரணப் பொருள் ஒளியைக் குவிக்கத்தான் செய்யும். இதற்கு அடிப்படையான சமன்பாடு கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி 1955இல் வெளியிட்டது. அவர் பெயரைப் பலகையில் எழுதிக் காட்டுவதற்குத் தனியாக ஒரு பாராட்டு.

அடுத்தது கேரம் பலகை. காலத்தில் பின்னால் போய்த் தன் தாத்தாவையே கொல்லும் கதையை அடியோடு தவிர்த்துவிட்டு, இயற்பியலாளர் ஜோசப் போல்சின்ஸ்கி கிளப்பிய, பின்னால் போய்த் தன்னையே மோதும் பந்தின் சிக்கலைக் காயை வைத்து ஆடிக் காட்டுகிறார்கள். சரியான தேர்வு. மனிதனை வைத்தால் பேச்சு மனம், விதி என்று எங்கோ போய்விடும். காய்க்கு அந்தத் தொல்லை இல்லை. எதிரெதிர் மூலைக் குழிகள் இரண்டும் வார்ம்ஹோல் வாய்கள். முதல் குழியில் விழும் காய் ஒரு செகண்டுக்கு முன்பே இரண்டாவது குழியிலிருந்து வெளிவந்திருக்கும் என்பது விதி. ஒருவர் காயைச் சுண்டுகிறார், இன்னொருவர் இரண்டாவது குழியருகே "எதிர்காலக் காயை" வைத்துக்கொண்டு நிற்கிறார். போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம், நிமிடத்துக்கு 60 தட்டு.

முதல் ஆட்டத்தில் எதிர்காலக் காய் நேராக வந்து மோதுகிறது. இளைய காய், அதாவது இப்போது சுண்டிய காய், குழிக்குப் போகாமல் விலகுகிறது. அப்படியானால் மோதிய காய் எங்கிருந்து வந்தது? முரண் அதுதான். இரண்டாவது ஆட்டத்தில் எதிர்காலக் காய் சற்றே கோணம் மாறி வந்து லேசாக உரசுகிறது. இளைய காய் கொஞ்சம் விலகினாலும் குழியில் விழுந்துவிடுகிறது, குழி 4.45 சென்டிமீட்டர், காய் அதிகபட்சம் 3.18, ஆக இடம் இருக்கிறது. விலகி நுழைந்ததால் வெளிவருவதும் அதே மாறிய கோணத்தில். கதை தன்னைத்தானே மூடிக்கொள்கிறது.

ஆடும்போது கெடுவது இரண்டு இடங்களில். போரிக் பவுடர் குறைந்தால் காய் ஒரு செகண்டுக்குள் நின்றுவிடும், அதிகமானால் உரசல் தெரியாமல் வழுக்கிப் போகும். இதைவிட முக்கியமானது, குழியருகே நிற்பவர் வரும் காயைப் பார்த்துவிட்டுத் தள்ளுவது. அப்படிச் செய்தால் எதிர்காலக் காய் நிகழ்காலத்துக்குப் பதில் சொல்வதாகிவிடும், சோதனைக்கே அர்த்தம் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு மெட்ரோனோம் தட்டுக்குத்தான் தள்ள வேண்டும். வகுப்பில் இதை அழுத்திச் சொல்வதில்லை.

இங்கேதான் பாதிக் கிணறு. "ஆக, முரண் தீர்ந்தது" என்று பலகையை மடக்கிவிடுகிறார்கள். 1991இல் எச்செவெரியா, கிளிங்க்ஹாமர், தோர்ன் மூவரும் கண்ட முக்கியமான முடிவு அதற்கு அடுத்தது: விடையே இல்லாத தொடக்கம் எதுவும் அவர்களுக்கு அகப்படவில்லை, ஆனால் பல தொடக்கங்களுக்கு முடிவில்லாத எண்ணிக்கையில் விடைகள் வந்தன. இதையும் அதே பலகையில் காட்டலாம். இரண்டு குழிகளுக்கும் நடுவே காய் நேராகப் போகிறது, எதுவும் நடக்கவில்லை. இது ஒரு விடை. அதே காய், அதே சுண்டல். பாதி வழியில் எதிர்காலக் காய் வந்து அதை முதல் குழிக்குள் தள்ளுகிறது, அது முன்கூட்டியே வெளிவந்து தன்னையே தள்ளிவிட்டுத் தன் வழியே போகிறது. இதுவும் விதிகளுக்கு உட்பட்ட விடைதான். தொடக்கம் ஒன்று, முடிவு பல. அப்படியென்றால் இயற்பியலால் முன்கூட்டிச் சொல்லவே முடியாது. காலப்பயணத்தின் ஆழமான சிக்கல் முரண்பாடு அல்ல, இந்தத் தீர்மானமின்மைதான். ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்தால் வகுப்பு வேறு உயரத்துக்குப் போய்விடும்.

கடைசி அரை மணி நேரம் பல உலகங்கள்: பின்னால் போகிறவர் தான் வந்த உலகத்துக்கே போவதில்லை, இணையான இன்னொன்றுக்குப் போகிறார் என்ற கருத்து. "வேறு உலகத்துக்குப் போய்விடுவதால் பிரச்சினை இல்லை" என்று முடிப்பது அவசரம். இயற்பியலாளர் டேவிட் டாய்ச் 1991இல் போட்ட கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு: காலத்தில் பின்னால் போய்த் திரும்பும் வளையத்துக்குள் நுழையும் நிலையும் வெளிவரும் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். 0 வந்தால் 1, 1 வந்தால் 0 என்று மாற்றும் வளையத்துக்கு அதன் விடை, பாதி 0 பாதி 1 கலந்த நிலை. இதை ஒரு வரியில் எழுதிக் காட்டலாம். மென்பொருள்காரர்கள் நிறைந்த கூட்டத்துக்கு, இப்படி ஒரு வளையம் கையில் இருந்தால் சாதாரணக் கணினிக்கும் குவாண்டம் கணினிக்கும் திறனில் வித்தியாசமே இராது என்று கணினி அறிவியலாளர்கள் ஆரன்சனும் வாட்ரஸும் 2009இல் நிறுவியதைச் சொன்னால் விவாதம் சூடு பிடிக்கும்.

கட்டணம் ஆளுக்கு 600 ரூபாய், நடுவில் ஒரு காபி. வர்க்கமூலம் தெரிந்த பள்ளிப் பிள்ளைகளையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம். இரட்டையர் கோட்டை முந்தின நாளே வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்த அரை மணி மிச்சமானால், பலகையை மடக்கும் முன் "சார், ரெண்டாவது விடையையும் ஆடிக் காட்டுங்க" என்று கேட்க நேரம் இருக்கும். கேட்டால் மறுப்பதில்லை.