பேரிடர் பகுதிகளுக்கு வரைபடம் வரைய உதவும் டாஸ்கிங் மேனேஜர்: ஒரு மதிப்புரை

2010 ஜனவரியில் ஹெய்ட்டியைப் பூகம்பம் உலுக்கியபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை விரிவாகக் காட்டும் வரைபடம் கிடைக்காமல் மீட்புக் குழுக்கள் திணறின. அப்போது பல நாட்டுத் தன்னார்வலர்கள், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அத்தெருக்களை, யாரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து கொடுத்தார்கள். அதே ஆண்டில் அமைப்பாக உருவெடுத்த ஹியூமானிட்டேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீம் நடத்தும் இலவச இணையச் சேவைதான் டாஸ்கிங் மேனேஜர். பெங்களூர் அல்சூரில் வசிக்கும் தமிழர்களான நாங்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினிகளோடு ஒன்றுகூடி இதில் பணியாற்றி வருகிறோம்.

வரைய வேண்டிய நிலப்பரப்பு முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஆளுக்கொரு கட்டம் கொடுப்பதே இதன் அடிப்படை. நாம் எடுத்த கட்டம் இரண்டு மணி நேரத்துக்கு நம் பெயரில் பூட்டப்படுவதால், ஒரே வீட்டை இருவர் வரையும் குழப்பம் நேர்வதில்லை. வீட்டின் மூலைகளைச் சொடுக்கி வடிவத்தை மூடி, 'க்யூ' விசையை அழுத்தினால் கோணல் மூலைகள் செங்கோணமாகிவிடும். கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும்.

ஆனால் இச்சேவையின் உண்மையான சிறப்பு சரிபார்ப்புதான் என்பது என் உறுதியான கருத்து. நாம் முடித்த கட்டத்தை அனுபவமுள்ள வேறொருவர் திறந்து பார்த்து, சரியென்றால் ஏற்கிறார்; குறையிருந்தால் என்ன குறை என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். முகம் தெரியாத ஒருவர் நம் வேலையைப் பொறுமையாகப் பார்த்து, "கூரையை வரைந்திருக்கிறீர்கள், படம் சாய்வாக எடுக்கப்பட்டிருப்பதால், அதே வடிவத்தைச் சுவரின் அடிப்பகுதிக்கு நகர்த்துங்கள்" என்று சொல்லித்தருவது, எந்தப் பயிற்சி வகுப்பும் தராத தைரியத்தைத் தருகிறது.

எங்கள் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொடக்கத்தில் கணினியருகே வரவே தயங்கினார். இன்று மற்றவர்களின் கட்டங்களைச் சரிபார்ப்பவர் அவர்தான். "கண்ணு, நிழலையும் சேத்து வீடுன்னு வரைஞ்சிட்டே பாரு, மத்த வீட்டு நிழலெல்லாம் எந்தப் பக்கம் விழுதுன்னு கவனி" என்று அவர் ஒரு கல்லூரி மாணவனுக்கு விளக்க, "சரிங்க டீச்சர்" என்று அவன் அந்தக் கோட்டை நகர்த்துவதைப் பார்ப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, அலுவலகத்துக்கு வெளியே ஒருவரையும் அறியாமல் இருந்த இளைஞர்கள் சிலருக்கு, இப்போது காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கைபேசியின் சிறு திரையில் வீடுகளைத் துல்லியமாக வரைவது கடினம். கணினியும் சுட்டியும் தேவை. திட்டங்களின் வழிமுறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலம் சரளமாக வாசிக்காதவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. வரைபவர்களின் எண்ணிக்கைக்கு ஈடாகச் சரிபார்ப்பவர்கள் இல்லை என்பது இதைவிடப் பெரிய குறை. முதல் கட்டத்தை முடித்துவிட்டு மறுமொழிக்காகக் காத்திருக்கும் புதியவர் சோர்ந்துவிடக்கூடும். தவிர, மேலிருந்து பார்க்கும் படம் கட்டடத்தைக் காட்டுமே ஒழிய, அது மருத்துவமனையா பள்ளிக்கூடமா என்று சொல்லாது. அந்தந்த ஊர்க்காரர்கள் பெயரும் பயனும் சேர்த்த பிறகே வரைபடம் முழுமையடைகிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஹியூமானிட்டேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீமோடு சேர்ந்து 2014-இல் தொடங்கிய மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற வரைபடத் திட்டம், உள்ளூர் மக்களின் அந்தப் பங்களிப்பையும் தன் பணியின் ஒரு படியாகவே வைத்திருக்கிறது.

புதிதாகச் சேருபவர்கள், வீடுகள் இடைவெளிவிட்டு அமைந்த கிராமப்புறத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தொடக்கநிலையினருக்கானது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெருக்கமான நகரக் குடியிருப்புகளைச் சில வாரப் பழக்கத்துக்குப் பின் எடுக்கலாம். முடிந்தால் தனியாகத் தொடங்காமல், தெரிந்தவர் ஒருவரையாவது உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.